பூட்டிய வீடு

நம்முடைய தொடர்கதைகளில் கதாநாயகி இறந்துபோக வேண்டுமென்று ஆசிரியர் முடிவு கட்டிவிட்டால், அவருக்கு உடனே ஒரு வியாதி தேவைப்படும். ஒரு காலத்தில் அந்த உத்தியோகத்தைக் காசநோய் பார்த்து வந்தது. கொஞ்சம் இருமல், கைக்குட்டையில் ஒரு துளி ரத்தம், மதனப்பள்ளி சானடோரியத்துக்கு ஒரு ரயில் பயணம். இவ்வளவு போதும், வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தயாராகிவிடுவார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் வந்த பிறகு அந்த வியாதிக்குக் கதைகளில் மவுசு குறைந்தது. அதன் இடத்தில் புற்று நோய் வந்து உட்கார்ந்தது. அதிலும் நம் ஆசிரியர்கள் ஒரு நாகரிகம் பார்த்தார்கள். கதாநாயகிக்கு வருவது பெரும்பாலும் ரத்தப் புற்று நோயாகத்தான் இருக்கும். அழகு கெடாமல், தலையணையில் சாய்ந்தபடி, நாலு பக்கம் வசனம் பேசிவிட்டு அவள் கண்ணை மூடலாம் அல்லவா?

உண்மையில் நம் நாட்டுப் பெண்களுக்கு மிகுதியாக வருகிற புற்று நோய் மார்பகத்தில் வருவது. 2022-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி, அந்த ஓர் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 1,90,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டது. ஆனால் கதைகளில் இது வருவது மிக அபூர்வம். அந்த உறுப்பை வர்ணனையில் எழுதத் தயங்காத பேனாக்கள், வியாதியில் எழுதும்போது மட்டும் கூச்சப்படுகின்றன! கதைகளின் கூச்சம் போனால் போகட்டும். அதனால் யாரும் சாகப் போவதில்லை. வீட்டில் இருக்கிற கூச்சம் அப்படிப்பட்டதல்ல. மிளகளவு கட்டியைக் கையால் தடவித் தெரிந்துகொண்ட பெண், அது எலுமிச்சை அளவு ஆகும்வரை புருஷனிடமும் சொல்வதில்லை, பெற்ற மகளிடமும் சொல்வதில்லை. வலிக்கவில்லையே என்பது அவள் சொல்லும் சமாதானம். ஆரம்பத்தில் வலிக்காமல் இருப்பதுதான் அந்தக் கட்டியின் சாமர்த்தியம் என்பதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

இந்த மௌனத்தை உடைக்கப் புறப்பட்டவர்களில் முதன்மையான ஒருவர் எங்கள் புதுக்கோட்டை மண்ணில் பிறந்தவர் என்பதில் எங்கள் ஜில்லாக்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது அது தொண்டைமான் மன்னர்களின் தனிச் சமஸ்தானம். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் தலைவர். தாய் சந்திரம்மாள், கோயில் பணிக்கென்று பொட்டுக் கட்டப்பட்ட பெண்களின் குலத்தில் வந்தவர். ஆண்பிள்ளைகள் படிக்கிற இடத்தில் ஒரு பெண் வந்து உட்காருவதா என்று ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் அந்தப் பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கொடுத்தார். அங்கிருந்து 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1912-இல் டாக்டராக வெளியே வந்தார். சென்னை மாகாணச் சட்டசபையின் உதவித் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். பள்ளிப் பாடப் புத்தகங்களில் அநேகமாக இத்துடன் நிறுத்திவிடுவார்கள்.

அவருடைய தங்கை புற்று நோயால் இறந்தார். டாக்டராக இருந்தும் கூடப்பிறந்தவளைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. பல ஆண்டுகள் பணம் திரட்டினார். இதற்குத் தனியாக ஓர் ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். 1952-இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்று நோய் ஆஸ்பத்திரி திறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் காலமாகும்வரை டாக்டர் சாந்தாவுக்கு அந்த ஆஸ்பத்திரிதான் வீடு.

முத்துலட்சுமி ரெட்டி கட்டடத்துக்குக் கல் சேர்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், உலகத்தின் வேறு மூலைகளில் சிலர் இந்த நோயின் உட்புறத்தை மெல்ல எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் கண்ட விஷயம் என் அக்காவின் வீட்டுத் திண்ணைவரை எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

அக்கா என்றால் பெரியப்பாவின் மகள். திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். நாற்பத்தொன்பதாவது வயதில் அவளுக்கு மார்பில் கட்டி கண்டது. நல்ல வேளையாக அவள் கூச்சப்பட்டு மறைக்கிற ஜாதி இல்லை. மூன்றாம் நாளே அத்தானை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஆபரேஷன் நடந்தது. கதிர் வைத்தியம் நடந்தது. அதற்குப் பிறகு, ஐந்து ஆண்டுகளுக்குத் தினம் ஒன்று விழுங்க வேண்டும் என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். டாமாக்சிஃபென் என்று அதற்குப் பெயர். விலை கொஞ்சம்தான்.

மூன்றாவது ஆண்டில் நான் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். அதில் நாலைந்து நாள் மாத்திரைகள் எடுக்காமல் இருந்தன.

“தம்பி, எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கலே. கட்டியைத்தான் வெட்டி எடுத்துட்டாங்க. வலி இல்லே, வேதனை இல்லே. இதை முழுங்கினா உடம்பு குபீர்னு எரியுது, ராத்திரி தூக்கம் வரலே. பக்கத்துக் கட்டில்லே படுத்திருந்தாளே கீரனூர்க்காரி, அவளுக்கும் இதே வியாதிதான். அவளுக்கு இந்த மாத்திரை கிடையாதாம். எனக்கு மட்டும் என்னத்துக்கு?”

“டாக்டரிடம் கேட்கவில்லையா, அக்கா?” என்றேன்.

“கேட்டேன். அவருக்குக் கூட்டம். ‘உனக்கு வந்தது பெண் ஹார்மோனாலே வந்த கட்டி, அதை அடக்கத்தான் மாத்திரை’ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு” என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “அப்போ பொம்பளையாப் பொறந்ததுதான் வியாதியா தம்பி?”

மாத்திரை நின்றுபோனதற்கு எரிச்சலும் தூக்கமின்மையும் பாதிக் காரணந்தான் என்று அப்போது எனக்குப் பட்டது. அந்த ஒரு வாக்கியம் அவள் மனத்தில் முள்ளாகத் தைத்திருந்தது. இரண்டு பிள்ளைகளைப் பெற்றுப் பால் கொடுத்து வளர்த்த உடம்பே தனக்கு விரோதி என்று யாரோ தீர்ப்பு எழுதிவிட்டது போல அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நானோ கல்லூரிப் படிப்பை இரண்டாம் ஆண்டோடு முடித்துக்கொண்டு கதை எழுத வந்தவன். விஞ்ஞானத்தில் எனக்கு இருக்கிற பாண்டித்தியம் அவ்வளவுதான். ஆனால் அக்கா கேட்ட கேள்விக்குக் கதை சொல்லி மழுப்பக்கூடாது என்று தோன்றியது. என் சிநேகிதர் ஒருவரின் பெண் இந்தத் துறையிலேயே ஆராய்ச்சி செய்கிறாள். இரண்டு மாத காலம் அவளைத் தொந்தரவு செய்து, அவள் கொடுத்ததைப் படித்து, புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்டதை வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

இந்த விவகாரம் ஒரு மாட்டுக் கதையில் ஆரம்பிக்கிறது. ஜார்ஜ் பீட்சன் என்று ஸ்காட்லாந்து தேசத்தில் ஒரு டாக்டர். கன்று போட்ட பசுவுக்குச் சினைப்பையை எடுத்துவிட்டால் பால் வற்றாமல் நீண்ட காலம் கறக்கிறது என்பது சில நாட்டுக் குடியானவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை அறிந்த பீட்சன், அடிவயிற்றில் இருக்கிற சினைப்பைக்கும் தூரத்தில் இருக்கிற மடிக்கும் ஏதோ பேச்சுவார்த்தை இருக்கிறது என்று யூகித்தார். மார்பகப் புற்று நோய் முற்றிய ஓர் இளம் பெண்ணுக்குச் சினைப்பைகளை எடுத்துப் பார்த்தார். கட்டி கரைந்தது. 1896-இல் இதை எழுதி வெளியிட்டார். ஹார்மோன் என்ற சொல்லே 1905-இல்தான் பிறந்தது. பெயர் வைப்பதற்கு முன்பே பிள்ளை நடந்துவிட்டது!

அந்தப் பேச்சுவார்த்தையை நடத்துகிற தூதனுக்கு ஈஸ்ட்ரோஜன் என்று பெயர். ரத்தத்தோடு உடம்பு முழுவதும் ஓடுகிறது. பின் ஏன் மார்பிலும் கருப்பையிலும் மட்டும் அதிகமாக வேலை செய்கிறது? 1950-களின் பிற்பகுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் என்பவர் கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனைக் குட்டி எலிகளுக்குச் செலுத்தி, அது எங்கே போகிறதென்று பின்தொடர்ந்தார். தசையில் அது தங்கவில்லை. வந்த வழியே போய்விட்டது. கருப்பையில் மட்டும் அதை ஏதோ பிடித்து வைத்துக்கொண்டது. அந்த ஏதோ ஒன்று ஒரு புரதம். ஏற்பி என்று அதைச் சொல்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் வந்து பொருந்தியதும் அந்த ஏற்பி, செல்லின் கருவுக்குள் இருக்கிற மரபணுக்களை எழுப்பி வேலை வாங்குகிறது.

இவ்வளவையும் அக்காவுக்கு எப்படிச் சொல்வது? வழி அவள் வீட்டிலேயே இருந்தது.

எங்கள் பக்கத்து ஊர்களை அறிந்தவர்களுக்கு ராயவரம், விராச்சிலை, குழிபிறை, பனையப்பட்டி என்றால் உடனே பெரிய பெரிய செட்டியார் வீடுகள் நினைவுக்கு வரும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். எத்தனையோ அறைகளில் திறந்திருப்பவை ஒன்றிரண்டுதான், மற்றதெல்லாம் பூட்டு. அத்தான் அப்படி ஒரு வீட்டைத்தான் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறார். அக்கா வெள்ளிக்கிழமைதோறும் போய்ப் பெருக்கி, விளக்கேற்றிவிட்டு வருவாள்.

“அக்கா, உன் உடம்பிலே இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் அப்படி ஒரு வீடு இருக்கிறது” என்று ஆரம்பித்தேன்.

கண்ணுக்குத் தெரியாத அந்த வீட்டுக்குள் அடைத்து வைத்திருக்கும் மரபு நூலை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரும். ஒரு புடவையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! அதில் சுமார் 20,000 மரபணுக்கள். அவைதான் அறைகள். அவ்வளவு நூலும் ஒரு கருவுக்குள் அடங்குவதற்குக் காரணம் ஹிஸ்டோன் என்னும் புரதங்கள். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து ஓர் உருண்டை. அதன்மேல் நூல் ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிக்கொள்கிறது. இப்படிக் கோடிக்கணக்கான உருண்டைகள். நூலும் உருண்டைகளும் கூடிய அந்தப் பொதிக்குக் குரோமாட்டின் என்று பெயர். ஹிஸ்டோனை ஜெர்மானியரான கோசல் 1884-லேயே கண்டுபிடித்தார். ஆனாலும் வெகு காலம்வரை அதைச் சணல் கயிறு போல, சாமான் கட்டுகிற பொருளாகத்தான் மதித்தார்கள். 1964-இல் நியூயார்க்கில் வின்சென்ட் ஆல்ஃப்ரி என்பவர் வேறு விதமாகச் சொன்னார். ஹிஸ்டோனின்மேல் அசிட்டைல் என்ற சிறிய ரசாயன முத்திரை விழுந்தால் நூலின்மேல் அதற்கு உள்ள பிடி தளர்கிறது. அந்த இடத்து மரபணு பேச ஆரம்பிக்கிறது. முத்திரையை அழித்தால் மறுபடியும் இறுகுகிறது. ஆக, கட்டுகிற கயிறே கதவாகவும் இருக்கிறது!

ஈஸ்ட்ரோஜன் என்பது வீட்டுக்காரர் போடுகிற கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்பி என்பது கடிதத்தைக் கையில் வாங்குகிற கணக்குப்பிள்ளை, அத்தானைப் போல. ‘வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறோம், பாத்திர அறையைத் திற, பந்திப் பாயை எடு’ என்று கடிதம் வரும். கணக்குப்பிள்ளை போய்த் திறப்பார். பெண் பெரியவளாகும்போதும், பிள்ளை உண்டாகும்போதும் மார்பு வளருவது இப்படி வந்த கடிதங்களால்தான்.

இந்த இடத்தில் அக்கா குறுக்கிட்டாள்.

“கடுதாசி வந்தா மட்டும் தொறந்துடுமா தம்பி? ஐப்பசி மழையிலே நிலைக்கதவெல்லாம் ஊதிப்போய்க் கிடக்கும். சாவி போட்டாலும் அசையாது. முன்கூட்டியே ஒருத்தன் தோளைக் கொடுத்து முட்டி, கொஞ்சம் நெகிழ்த்தி வைச்சிருக்கணும். அப்பத்தான் உங்க அத்தான் போய்த் தொறக்க முடியும்.”

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பாஸ்டன் நகரத்தில் மைல்ஸ் பிரவுன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் 2005-ஆம் ஆண்டு கண்டறிந்து வெளியிட்ட விஷயத்தை அக்கா திண்ணையில் உட்கார்ந்தபடி சொல்லிவிட்டாள்! ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நூலின்மேல் எங்கெங்கே போய் உட்காருகிறது என்று அவர்கள் தேடினார்கள். நினைத்த இடத்திலெல்லாம் அது உட்காரவில்லை. அது உட்காரும் இடங்களில் பெரும்பகுதியில் ஃபாக்ஸ்-ஏ-1 என்ற இன்னொரு புரதம் ஏற்கெனவே வந்து கதவை நெகிழ்த்தி வைத்திருந்தது. அந்தப் புரதத்தை எடுத்துவிட்டால் கடிதம் வந்தும் பயனில்லை. ஏற்பி வாசலில் நிற்கிறது. இறுகிக் கிடக்கும் குரோமாட்டினுக்குள் அதனால் மட்டும் எப்படி நுழைய முடிகிறது என்றால், பொதியை இறுக்கிக் கட்டுகிற ஹிஸ்டோன் வகை ஒன்றின் உருவச் சாயலே அதற்கும் இருக்கிறதாம். காவல்காரன் மாதிரியே தோற்றமுள்ளவன் காவலைக் கடந்து போவதில் வியப்பென்ன?

கதவு நெகிழ்ந்த பிறகு கணக்குப்பிள்ளை தனியாளாக எல்லாம் செய்ய முடியுமா? கூட ஆட்கள் வேண்டும். நூலை வளைத்துக் கொடுத்து அவர் உட்கார இடம் செய்கிற புரதங்கள் உண்டு. துணைவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு; அதில் முதலாவது ஆளை 1995-இல் ஹூஸ்டன் நகரத்து ஓமாலியின் குழுவினர் அடையாளம் காட்டினார்கள். இந்தத் துணைவர்கள் வந்து அசிட்டைல் முத்திரை குத்தக் குத்த, அறை அகலத் திறக்கிறது.

“அப்ப, வியாதி எங்கே வருது?” என்றாள் அக்கா.

“கல்யாணம் முடிந்தால் பாத்திரத்தைக் கழுவி வைத்து அறையைப் பூட்ட வேண்டும் அல்லவா? அந்தப் பூட்டுகிற ஒழுங்கு கெட்டுப்போகிறது. உள்ளே இருக்கிற நூலில் பிசகு ஏற்பட்டு, வளருவதற்கான அறைகள் திறந்தபடியே நின்றுவிடுகின்றன. கூடவரும் ஆட்களும் அளவுக்கு மேல் பெருகிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் வழக்கமாகப் போடுகிற கடிதம் வந்தாலும் போதும், உடனே பந்தி. இலை எடுக்குமுன் அடுத்த பந்தி. நிற்காத கல்யாணம். அதுதான் கட்டி.”

அக்கா வெகு நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அப்ப கடுதாசி மேலே தப்பில்லே” என்றாள்.

தப்பில்லைதான். அந்தக் கடிதம் அவளைப் பெரியவளாக்கியது, தாயாக்கியது, எலும்புக்கு உறுதி கொடுத்தது. அதையே எலும்பில் ஒரு விதமாகவும் மார்பில் ஒரு விதமாகவும் படிக்கிறார்கள் என்றால், எழுதியவரிடத்தில் கோளாறு இல்லை. எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. பெண்ணாய்ப் பிறந்தது வியாதி அல்ல. ஒரு சிறு வீட்டில் கதவு ஒன்று பழுதாகிவிட்டது, அவ்வளவுதான்.

மாத்திரையின் கதை இன்னும் வேடிக்கையானது. அதைத் தேடியவர்கள் புற்று நோய்க்கு மருந்து தேடவில்லை. இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. என்ற கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் கர்ப்பத் தடை மாத்திரை தேடிக்கொண்டிருந்தார்கள். டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் விஞ்ஞானி 1960-களின் தொடக்கத்தில் இந்த மருந்தைச் செய்தார். எலிகளுக்கு அது கருவைத் தடுத்தது. பெண்களுக்கோ நேர்மாறாகக் கருமுட்டையைத் தூண்டிவிட்டது! கர்ப்பத் தடை உத்தியோகத்தில் தோற்றுப்போன அந்த மருந்தை, மான்செஸ்டரில் மேரி கோல் என்ற டாக்டர் முற்றிய மார்பகப் புற்று நோய்க்குக் கொடுத்துப் பார்த்து 1971-இல் பலனை வெளியிட்டார். இன்று ஐந்து ஆண்டுகள் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களிடம், முதல் பதினைந்து ஆண்டுகளில் இந்த நோயால் ஏற்படும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று ஆயிரக்கணக்கான பெண்களைச் சேர்த்துப் பார்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அது என்ன செய்கிறது? கணக்குப்பிள்ளையின் கையில் ஒரு பொய்க் கடிதத்தைத் திணிக்கிறது. கை நிறைந்துவிட்டதால் நிஜக் கடிதத்தை வாங்க அவரால் முடியவில்லை. பொய்க் கடிதத்தோடு அறை வாசலுக்குப் போகிறவரிடம் திறக்கிற ஆட்கள் ஒட்டுவதில்லை. அடைக்கிற ஆட்கள் வந்து சேர்கிறார்கள். முத்திரைகளை அழித்து, கதவை இழுத்துச் சாத்துகிறார்கள். கீரனூர்க்காரிக்கு ஏன் இந்த மாத்திரை இல்லை என்பதும் இப்போது விளங்கும். அவளுடைய கட்டியில் கணக்குப்பிள்ளையே இல்லை. ஆள் இல்லாத வீட்டுக்குக் கடிதம் போட்டு என்ன பயன்? அவளுக்கு வேறு மருந்து.

“ஐந்து வருஷம் எதுக்கு?” என்றாள் அக்கா, விடாமல்.

வெட்டி எடுத்தது கட்டியைத்தான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றிரண்டு செல்கள் அதற்கு முன்பே கிளம்பிப் போய், உடம்பில் எங்கேனும் சத்தமில்லாமல் உறங்கிக்கொண்டிருக்கலாம். கணக்குப்பிள்ளை உள்ள இந்த வகை நோய், ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கழித்துக்கூடத் திரும்பி வருவதுண்டு. பொய்க் கடிதம் ஒருநாள் கொடுத்தால் தீர்ந்துபோகிற காரியமல்ல. மாத்திரை நின்றால், கொஞ்ச நாளில் கை காலியாகும். நிஜக் கடிதம் வந்து உட்கார்ந்துவிடும். மாதவிலக்கு நின்ற பிறகும் உடம்பின் கொழுப்பிலிருந்து கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே வலி இல்லாத நாளில்தான் மாத்திரைக்கு வேலை.

இதையெல்லாம் சொன்ன பிறகு, சிநேகிதர் மகள் முக்கியமாகச் சொல்லச் சொன்ன இன்னொன்றையும் சொன்னேன். கருப்பையும் ஒரு வீடு. அங்கேயும் இதே கணக்குப்பிள்ளை உண்டு. ஆனால் கூட நிற்கிற ஆட்கள் வேறு. திறக்கிற துணைவர்கள் அங்கே அதிகம். அதனால் மார்பில் கதவை அடைக்கிற அதே பொய்க் கடிதம், கருப்பையில் கொஞ்சம் நிஜக் கடிதம் போலவே வேலை செய்துவிடும். 2002-இல் இதை விளக்கி எழுதியிருக்கிறார்கள். மிகச் சிலருக்குக் கருப்பையில் புற்று நோய் வரவும் இது காரணமாகலாம். மாத்திரையால் வரும் நன்மையோடு வைத்துப் பார்த்தால் அந்த அபாயம் சிறியது. ஆனாலும், மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கு ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது, பேசாமல் இருக்கவும் கூடாது.

அக்கா ஒன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே போனாள். என் மனைவி அடுப்படியில் இருந்தாள். சற்று நேரத்தில் மனைவி வெளியே வந்து, என்னைத் தனியாக அழைத்து மெல்லிய குரலில் சொன்னாள்: “அண்ணிக்கு இரண்டு மாதமாக அப்படி இருக்கிறதாம். அவர்கள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.”

கூச்சப்படுகிற ஜாதி இல்லை என்று நான் நினைத்திருந்த அக்கா! மார்பில் கட்டி என்றால் மூன்றாம் நாளே பஸ் ஏறியவளுக்குக்கூட, அதற்கு மேல் ஒரு கதவு மூடியே இருந்திருக்கிறது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். படம் எடுத்தார்கள், துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் அத்தான் சாவிக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த அறையையும் திறக்காமல், வளவில் உட்கார்ந்திருந்தார். கருப்பையின் உட்சவ்வு சற்றுத் தடித்திருக்கிறது, புற்று நோய் இல்லை என்று முடிவு வந்தது. டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கென்று, கொழுப்பில் கடிதம் எழுதப்படுவதையே நிறுத்துகிற மருந்துகள் இப்போது இருக்கின்றன. எலும்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றார். அக்கா இப்போது காலண்டரில் நாள்தோறும் பென்சிலால் ஒரு கோடு போட்டு மாத்திரை சாப்பிடுகிறாள்.

விஞ்ஞானம் இத்துடன் முடிந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். சில பெண்களுக்குப் பொய்க் கடிதமும் ஒரு கட்டத்தில் பலிக்காமல் போகிறது. துணைவர்கள் மிஞ்சிப் பெருகினாலும், கதவை நெகிழ்த்துகிற புரதம் புதிய அறைகளைத் தேடிப் போனாலும், கணக்குப்பிள்ளையே உருமாறி, கடிதம் இல்லாமலே திறக்கப் பழகினாலும் அப்படி ஆகலாம். அதனால் கதவிலேயே கைவைக்கிற மருந்துகளைத் தேடுகிறார்கள். ஹிஸ்டோனின் முத்திரைகளை மாற்றுகிற மருந்து ஒன்றைச் சீனாவில் 2019-இல் இந்த நோய்க்கு அனுமதித்தார்கள். அதே இனத்து மருந்து ஒன்றை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய பரிசோதனை, ஆயுளை நீட்டிக்கவில்லை என்று 2021-இல் முடிவு தெரிவித்தது. இறுகிக் கிடக்கவேண்டிய கதவுகளும் ஒரு வீட்டில் உண்டு. எதைத் திறப்பது, எதை மூடுவது என்று பொறுக்கி எடுப்பதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்த நாளான ஜூலை 30-ஐ அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடுவது என்று 2019-இல் தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம். அந்த நாளில் மாலை போடுவதோடு, வந்திருக்கிற பெண்களை உட்கார வைத்து, உங்கள் ஹார்மோன் உங்களுக்கு விரோதி அல்ல என்று ஒருவர் கால் மணி நேரம் பேசினால் இன்னும் நல்லது. டாக்டர்களுக்குக் கூட்டம், நேரம் இல்லை. வேறு யாராவதுதான் பேச வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது. போன மாதம் அத்தான் டெலிபோனில் சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்க அக்கா இப்போ வேற வேலை பார்க்குது. குளத்துக்குக் குளிக்கப் போனா, அங்கே வர்ற பொம்பளைகளையெல்லாம் நிறுத்தி வைச்சு, கட்டி கிட்டி இருக்கா, தடவிப் பார்த்தீங்களான்னு சத்தமாக் கேக்குதாம். ஆம்பளைங்க அந்தப் பக்கம் தலை காட்ட முடியலே!”

ஆண்களுக்குக் குளிக்க வேறு துறை இருக்கிறது.